மூன்று நூல்கண்டு, ஒரு சால்வை: வடிவம் முதலா, பின்னல் முதலா?

இழைபிடி

அனைவருக்கும் வணக்கம். இதுவரை பிறர் எழுதிய குறிப்புகளை வரிக்கு வரி பார்த்துத்தான் சால்வை பின்னியிருக்கிறேன். இந்த முறை சொந்தமாக ஒன்றை வடிவமைக்க ஆசை.

கையில் மூன்று கண்டுகள் இருக்கின்றன. மூன்றும் மெரினோ கம்பளி, ஃபிங்கரிங் எனும் மெல்லிய கனம், ஒவ்வொன்றும் 100 கிராம், 400 மீட்டர். ஒன்று கருநீலம், ஒன்று கடுகு மஞ்சள். மூன்றாவது கைச்சாயம் போட்ட பலவண்ண நூல்: நீலம், இளஞ்சிவப்பு, சாம்பல் மூன்றும் மாறி மாறி வரும்.

மேலிருந்து கீழாக விரியும் முக்கோணம், முழுவதும் லேஸ் (ஓட்டை ஓட்டையான வலைப்பின்னல்), மூன்று நிறமும் சம அகலப் பட்டைகளாக. இதுதான் மனதில் இருக்கும் படம். லேஸ் மாதிரிகளைப் புரட்டிப் புரட்டி ஒன்றையும் முடிவு செய்ய முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஊசிமுனை

லேஸ் மாதிரிகளை மூடி வையுங்கள். அது கடைசி வேலை. முதலில் வடிவம், அடுத்து நூலின் அளவு. இவை இரண்டும் முடிவானால் எந்தப் பின்னல் எங்கே வரலாம் என்பது பாதிக்குமேல் தானாகவே முடிவாகிவிடும்.

நீங்கள் சொல்லும் முக்கோணத்தின் கணக்கு எளிது. 3 கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) போட்டு 6 வரிசை பின்னினால் ஒரு சிறு நாடா கிடைக்கும். அதன் பக்கவாட்டில் 3, தொடக்க ஓரத்தில் 3 எடுத்தால் ஊசியில் 9 கண்ணி. இரு ஓரங்களிலும் கரைக்கு மும்மூன்று, நடுவில் முதுகெலும்பு போல ஒன்று, அதன் இருபுறமும் பாதிக்கு ஒன்று. இதற்கு மேல் ஒவ்வொரு நேர்ப்பக்க வரிசையிலும் 4 கண்ணி கூடும்: கரையை ஒட்டி இரண்டு, நடுக்கண்ணியை ஒட்டி இரண்டு. மறுபக்க வரிசையில் எதுவும் கூடாது.

வரிசை நீண்டுகொண்டே போவதால் பாதி வரிசைகளை முடித்தபோது நூலில் கால் பங்குதான் செலவாகியிருக்கும். பாதி நூல் தீரும்போது வரிசைகளில் 71 சதவீதம் முடிந்துவிட்டிருக்கும். "இன்னும் நிறைய நூல் இருக்கிறதே" என்று நடுவழியில் மகிழ்ந்து, அகலமான கரைப்பின்னலைத் திட்டமிட்டு, கடைசி வரிசையில் நூலில்லாமல் நிற்பவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள்.

வண்ணக்கலவை

நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பலவண்ண நூலில் நுட்பமான லேஸ் பின்னாதீர்கள். லேஸின் அழகு ஓட்டையும் கண்ணி சாயும் கோடும்தான். நிறம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மாறும்போது கண் நிறத்தைத்தான் பின்தொடரும், கோட்டைப் பார்க்காது. உங்கள் உழைப்பு முழுவதும் அந்தக் கலங்கலுக்குள் மறைந்துவிடும். பலவண்ணத்துக்குக் கார்ட்டர் பின்னல் போதும். இருபக்கமும் நிட், அதாவது நேர்க்கண்ணி மட்டும். அதன் மேடுபள்ளத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, திட்டுத்திட்டாகச் சேராமல் இருக்கும்.

இன்னொன்று. மூன்று கண்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறங்கள் வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவில் ஒன்றாக இருக்கக்கூடும். கடுகு மஞ்சளும் நடுத்தரச் சாம்பலும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே தொனியில் வந்தால் வியப்படைய வேண்டாம். அப்படி வந்தால் அவை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் செய்யும் நுண்வேலை தூரத்திலிருந்து தெரியாது. கருநீலம் மட்டும் நிச்சயம் தனித்து நிற்கும்.

இழைபிடி

படம் எடுத்துப் பார்த்தேன். சொன்னபடியே, மஞ்சளும் பலவண்ணமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்! கருநீலம் மட்டும் கரி போலத் தெரிகிறது.

பட்டை பற்றி ஒரு சந்தேகம். மூன்றும் 100 கிராம்தானே. ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைத் தொடங்கினால் பட்டைகள் சமமாக வந்துவிடாதா?

ஊசிமுனை

வராது. மேலே சொன்ன அதே கணக்குதான். சம எடையில் மூன்று நிறங்களை வரிசையாகப் பின்னினால் முதல் நிறம் மொத்த ஆழத்தில் 58 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதற்கு 24, மூன்றாவதற்கு வெறும் 18.

பட்டைகள் ஒரே அகலத்தில் வர வேண்டுமானால் நூல் 1 : 3 : 5 என்ற விகிதத்தில் தேவை. நான்காவது பட்டை இருந்தால் 7, ஐந்தாவதற்கு 9. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வருகின்றன, பாருங்கள். உங்கள் கணக்கில் வெளிப்பட்டைக்கு ஒரு கண்டு முழுவதும் போனால் நடுப்பட்டைக்கு 60 கிராம், உள்பட்டைக்கு 20 கிராம். இரண்டு கண்டுகளிலுமாக 120 கிராம் மிஞ்சும்.

குரோஷாபிரியை

இதையெல்லாம் குரோஷாவில் செய்தால் ஒரே கொக்கி, ஒரே கண்ணி. தவறினால் பிரிப்பதும் சுலபம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

நூல்பித்து

உங்களுக்கென்று தனி விவாத இழை இருக்கிறது, அம்மா. அங்கே நாங்கள் வந்து ஊசி பற்றிப் பேசுகிறோமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரமாக எல்லாரும் எண்ணிக்கை பேசுகிறீர்கள், நூலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இழைபிடி, அந்த மெரினோ சூப்பர்வாஷா (சலவையில் சுருங்காதபடி பதப்படுத்தியதா)? எத்தனை புரி?

இழைபிடி

மூன்றும் சூப்பர்வாஷ் என்றுதான் சீட்டில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். கருநீலமும் மஞ்சளும் முப்புரி. பலவண்ணம் ஒற்றைப் புரி.

நூல்பித்து

நினைத்தேன்.

கம்பளி இழையின் மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. வெந்நீரிலும் உரசலிலும் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால்தான் கம்பளி சுருங்கித் தடித்துப்போகிறது. சூப்பர்வாஷ் செய்யும்போது அந்தச் செதிலை மழுக்கிவிடுகிறார்கள், அல்லது மேலே பூச்சுப் போட்டு மூடிவிடுகிறார்கள். நூல் வழவழப்பாகிறது, சாயத்தை ஆழமாகக் குடிக்கிறது, அழகாகத் துவண்டு விழுகிறது. ஆனால் ஒரு கண்ணி பக்கத்துக் கண்ணியைப் பிடித்துக்கொள்ளும் குணம் போய்விடுகிறது. நனைத்து இழுத்து ஊசி குத்தி உலரவைக்கும்போது விரிகிறது, தோளில் போட்ட சில நாளில் கூர்முனைகள் மழுங்கிவிடுகின்றன. லேஸுக்கு எனக்குப் பிடித்தது சூப்பர்வாஷ் செய்யாத இருபுரி நூல். இருபுரியில் இழைகள் ஒன்றையொன்று விட்டு விலக முயல்வதால் ஓட்டை திறந்தே நிற்கும். முப்புரி உருண்டையானது. மேடு பள்ளமான பின்னலுக்கும், கயிறு போல முறுக்கிவரும் கேபிளுக்கும் அது நன்று. ஒற்றைப் புரி மென்மையின் உச்சம், ஆனால் உரசும் இடத்தில் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு கிளம்பும். எனவே அந்தப் பலவண்ணத்தைக் கரையில் வைக்காதீர்கள். கழுத்துப் பக்கம் இருக்கட்டும்.

மற்றவர்களும் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பருத்திக்கு நெகிழ்வு கிடையாது, பெரிய சால்வையில் தன் எடையாலேயே தொங்கி நீளும். அக்ரிலிக் நீரில் நனைத்தால் வடிவம் பிடிக்காது. நீராவிக்குப் பிடிக்கும், ஆனால் சூடு கொஞ்சம் மிஞ்சினால் இழை உயிரற்றுத் துவண்டுபோகும், அதை மீட்கவே முடியாது. மோஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) பார்க்க மேகம், பிரிக்கப் போனால் யுத்தம்.

ஊசிமுனை

சூப்பர்வாஷ் லேஸுக்கு ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. கார்ட்டர் தளத்தின் மேல் வரும் லேஸுக்கு அது போதும். பெரிதாக விரிக்க வேண்டிய சிலந்திவலை லேஸுக்குத்தான் சிக்கல்.

நூல்பித்து

"போதும்" என்பது வேறு, நன்றாக இருப்பது வேறு.

கரைமடிப்பு

வடிவத்தை முதலில் முடிவு செய்யச் சொல்லிவிட்டு எல்லாரும் முக்கோணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்களே! இந்தச் சாதாரண முக்கோணம் தோளில் நிற்காது. மேல் ஓரம் நேர்கோடு, தோளோ சரிவு. நாள் முழுவதும் இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வட அட்லாண்டிக்கின் பரோ தீவுகளில் பின்னும் சால்வையைப் பாருங்கள். முதுகின் நடுவே தனியாக ஒரு பட்டை, தோளுக்கு மேல் தனியாகக் குறைப்பு. முடிச்சுப் போடாமலே தோளைப் பற்றிக்கொள்ளும்.

அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் இரு ஓரங்களில் மட்டும் மறுபக்க வரிசையிலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். இரண்டு வரிசைக்கு 4 என்பது 6 ஆகும். இறக்கைகள் நீண்டு, மேல் ஓரம் வளைந்து, கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் வடிவம் வரும். ஆழம் குறையும், நீளம் கூடும். இன்று பெரும்பாலோர் சால்வையை முதுகில் போர்த்துவதில்லை, கழுத்தில்தான் சுற்றுகிறார்கள். அதற்கு இதுதான் பொருத்தம்.

ஊசிமுனை

கரைமடிப்பு சொன்னதில் பாதி, எந்தப் பின்னல் என்பதைப் பொறுத்தது. கார்ட்டரில் ஒரு கண்ணியின் அகலமும் இரண்டு வரிசையின் உயரமும் ஏறக்குறைய சமம். எனவே ஒவ்வொரு கூட்டலும் 45 பாகைச் சாய்வைத் தரும். நான்கு கூட்டல் கோடுகள், நான்கு 45, மொத்தம் 180. அதனால்தான் மேல் ஓரம் நேராக நிற்கிறது. அதே எண்ணிக்கையை ஸ்டாக்கினெட்டில் (நேர்ப்பக்கம் நிட், மறுபக்கம் அதன் எதிர்க்கண்ணியான பர்ல்) பின்னினால் வரிசை உயரம் கூடும். 28 கண்ணிக்கு 40 வரிசை என்று வந்தால் ஒவ்வொரு சாய்வும் 35 பாகைதான், மொத்தம் 140. மேல் ஓரம் நடுவில் மேடாகி இருபுறமும் சரியும். நனைத்து இழுத்து நேராக்கலாம், ஆனால் அது பின்னலோடு போடும் சண்டை. குறிப்பில் ஸ்டாக்கினெட் என்று இருப்பதைக் கார்ட்டராக மாற்றும்போதும், கார்ட்டரை ஸ்டாக்கினெட்டாக மாற்றும்போதும் வடிவமே மாறுவது இதனால்தான்.

பழம்பின்னல்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கண்ணிக் கணக்குக்கு வேறொரு வழியும் உண்டு, ரசித்துப் பாருங்கள். பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் சிம்மர்மன் வட்டச் சால்வைக்கு ஒரு கணக்குச் சொன்னார். ஆரம் இரட்டிப்பானால் சுற்றளவும் இரட்டிப்பாகும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் கூட்ட வேண்டியதில்லை. 9 கண்ணியில் தொடங்கி அதை 18 ஆக்கி 3 சுற்று பின்னுங்கள், 36 ஆக்கி 6 சுற்று, 72 ஆக்கி 12 சுற்று, 144 ஆக்கி 24 சுற்று, 288 ஆக்கி 48 சுற்று, அதன் பிறகு 576. ஒவ்வொரு முறையும் ஒரே சுற்றில் எண்ணிக்கை இருமடங்காகிறது. இடைப்பட்ட பகுதியில் கூட்டலே இல்லாததால் எந்த லேஸையும் தடையில்லாமல் ஓட்டலாம். முதல் வடிவமைப்புக்கு முக்கோணத்தைவிட இது எளிது என்றே சொல்வேன், ஆனால் இழைபிடியிடம் இருக்கும் நூலுக்கு முக்கோணம்தான் சரி.

பழைய மரபுகள் நூலிலிருந்துதான் பிறந்தன என்பதையும் நூல்பித்துக்காகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் உள்நாட்டுச் செம்மறியாட்டின் மென்மையான கம்பளியை மிக நுண்ணியதாக நூற்று, திருமண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய சால்வைகளைப் பின்னினார்கள். ரஷ்யாவின் ஒரென்பர்க்கில் வெள்ளாட்டின் அடிரோமத்தைப் பட்டிழையோடு சேர்த்து முறுக்கினார்கள். கார்ட்டர் தளம் என்பதால் இருபக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். எஸ்டோனியாவின் ஹாப்சாலு சால்வையில் 'நுப்பு' என்றொரு சிறு மொட்டு வரும். ஒரே கண்ணிக்குள்ளிருந்து 5 அல்லது 7 கண்ணி எடுத்து, திரும்பும் வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகப் பர்ல் செய்வது. எடுக்கும்போது மிகத் தளர்வாக எடுக்காவிட்டால் திரும்பும்போது ஊசிமுனை உள்ளே நுழையவே நுழையாது.

இழைபிடிக்கு நான் சிபாரிசு செய்வது ஷெட்லாந்தின் 'ஓல்ட் ஷேல்' அலை. 18 கண்ணி, 4 வரிசை. முதல் வரிசை நிட், இரண்டாவது பர்ல், நான்காவது நிட். மூன்றாவதில் மட்டும் வேலை: இரண்டிரண்டாக மூன்று முறை சேர்த்துப் பின்னுங்கள், நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி ஒரு நிட் என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. 6 குறைந்து 6 கூடுவதால் எண்ணிக்கை மாறாது. குறைப்பெல்லாம் ஓரிடத்திலும் கூட்டலெல்லாம் வேறிடத்திலும் குவிவதால் துணி மேலும் கீழுமாக நெளிந்து அலை தானாகவே எழும்பும்.

இழைபிடி

அருமை! அப்படியானால் தொடக்கத்திலிருந்தே முக்கோணம் முழுக்க இந்த அலையை ஓட்டிவிடலாமா?

ஊசிமுனை

வேண்டாம். உங்கள் முக்கோணத்தில் ஒவ்வொரு பாதியும் இரண்டு வரிசைக்கு 2 கண்ணி வளர்கிறது. அதாவது எத்தனை வரிசையோ அத்தனை கண்ணி. 12 கண்ணி அகலமும் 12 வரிசை உயரமும் கொண்ட மாதிரி என்றால் அது ஒருமுறை முடியும்போது பக்கத்தில் சரியாக இன்னொரு மாதிரிக்கு இடம் பிறந்திருக்கும். அகலமும் வரிசையும் சமமாக உள்ள மாதிரிகள்தான் முக்கோணத்தின் உடலுக்கு உகந்தவை. ஓல்ட் ஷேல் 4 வரிசையில் முடிகிறது. அதற்குள் 4 கண்ணிதான் வளரும், தேவை 18. ஓரம் முழுவதும் அரைகுறை அலையாகத் தொங்கும்.

கடைசிக் கரைக்கு மட்டும் வையுங்கள். 9 கண்ணியில் தொடங்கி 99 முறை கூட்டினால், அதாவது 198 வரிசையில், ஊசியில் 405 கண்ணி இருக்கும். இரு ஓரக் கண்ணிகள் மும்மூன்றும் நடுக்கண்ணி ஒன்றும் போக ஒவ்வொரு பாதியிலும் 199. அதில் 198 என்பது 11 அலை. மிஞ்சும் ஒன்றை நிட்டாக விடுங்கள். பாதியின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையிலேயே வரும் என்பதால் அந்த ஒன்று எப்படியும் மிஞ்சும். அலையை நான்கு முறை, 16 வரிசை பின்னுங்கள். அந்த 16 வரிசையிலும் கூட்டலை நிறுத்தாதீர்கள். புதிதாகப் பிறக்கும் கண்ணிகளை, ஓரத்தில் 8, நடுவில் 8, அலைக்குள் சேர்க்காமல் கார்ட்டராகவே விட்டுவிடுங்கள்.

மொத்தம் 214 வரிசை. கரை அதில் 16 வரிசைதான், ஆனால் நூலில் ஏறத்தாழ 14 சதவீதம் அதற்குப் போகும்.

வண்ணக்கலவை

இங்கே என் பழைய விதியை நானே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. பலவண்ணத்தில் லேஸ் வேண்டாம் என்றேன். ஓல்ட் ஷேல் அதற்கு விலக்கு. அதன் கோடு மெல்லியதல்ல, துணி முழுவதும் நெளிகிறது, நிறமும் அதோடு சேர்ந்து நெளிகிறது. ஆனால் உங்கள் பலவண்ணம் ஒற்றைப் புரி, கரைக்கு ஆகாது என்று நூல்பித்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதை மீற எனக்குத் துணிவில்லை.

என் யோசனை: உடல் முழுவதும் பலவண்ணத்தில் கார்ட்டர். அது தீரும் நிலைக்கு வரும்முன் கருநீலத்தை இரண்டிரண்டு வரிசையாக இடையில் நுழையுங்கள். முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி, கடைசியில் கருநீலம் மட்டும். கோடு போட்டு வெட்டியது போல நிறம் மாறாமல் இருள் மெல்லக் கவிந்து வரும். கரையின் அலை கருநீலத்தில். முப்புரி, ஒரே நிறம், எல்லாக் கண்ணியும் தெரியும்.

மஞ்சளைச் சம பங்கு வைக்காதீர்கள். மூன்று நிறத்துக்கும் சம இடம் கொடுத்தால் எதற்கும் அதிகாரம் இருக்காது. நீலத்துக்கு நடுவே இரண்டு வரிசை மஞ்சள், முடிப்பு வரிசை மஞ்சள், அவ்வளவுதான். கடுகு மஞ்சள் கருநீலத்தின் பக்கத்தில் எரியும், பலவண்ணத்தின் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். நீங்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமே அதற்குச் சாட்சி.

கரைமடிப்பு

மஞ்சளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். நீலம் மேலோங்கும் பகுதியில் மொசைக் பின்னல் வைத்தால் என்ன? ஒரு சமயத்தில் ஒரே நிறம், இரண்டு வரிசை. மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணியைப் பின்னாமல் அப்படியே ஊசி மாற்றுவது. பின்பக்கம் நூல் இழுபடும் தொல்லை குறைவு.

ஊசிமுனை

செய்யலாம். ஆனால் ஊசி மாற்றும் கண்ணிகள் துணியை இறுக்கி வரிசையைக் குட்டையாக்கும். ஆழம் குறைந்து, நூல் கூடுதலாகப் போகும். மாதிரித் துண்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இழைபிடி

மொசைக்கை அடுத்த சால்வைக்கு ஒதுக்கிவைக்கிறேன். வண்ணக்கலவையின் திட்டமே மனதுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு கேள்விகள் மட்டும். நூல் போதுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? கருநீலம் நனைந்தால் மஞ்சளில் ஏறிவிடாதா?

ஊசிமுனை

4 மி.மீ. ஊசியில் கார்ட்டராக 40 கண்ணி, 40 வரிசை ஒரு துண்டு பின்னுங்கள். 1,600 கண்ணி. நனைத்து உலர்த்தி எடை போடுங்கள். உங்கள் சால்வையில் மொத்தம் 48,000 கண்ணிக்குச் சற்று மேல் வரும், அதாவது துண்டைப் போல முப்பது மடங்கு. துண்டு 6 கிராம் என்றால் சால்வைக்கு 180 கிராம், இரண்டு கண்டுக்குள் முடிந்துவிடும். 20 கண்ணியும் 40 வரிசையும் 10 செ.மீ. தந்தால் உடல் மட்டும் 140 செ.மீ. நீளமும் 70 செ.மீ. ஆழமும் வரும், கரை தனி. துண்டு விறைப்பாக நின்றால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள். சால்வைக்குக் காலுறையின் இறுக்கம் ஆகாது.

கரை தொடங்குமுன் ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றை ஓட்டிவைத்துவிடுங்கள். அலையில் எண்ணிக்கை பிசகினால் அந்த இடம்வரை பயமின்றிப் பிரிக்கலாம்.

நூல்பித்து

சாயம்: கருநீல நூலில் ஒரு முழம் எடுத்து வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். துணியில் நீலம் ஏறினால் பின்னத் தொடங்குமுன் கண்டையே நீர் தெளியும்வரை அலசிவிடுங்கள். அலசும்போது தேய்க்க வேண்டாம். சூப்பர்வாஷ் என்பதால் சுருங்காது, ஆனாலும் பின்னாத நூல் சிக்காகும். ஆங்காங்கே தளர்வாகக் கட்டிப் போட்ட பின் நனையுங்கள்.

முடிப்பு வரிசை இறுகினால் 22 அலையும் சுருண்டுவிடும். இரண்டு கண்ணியைப் பின்வளையம் வழியாகச் சேர்த்துப் பின்னி, வந்ததை இடது ஊசிக்கே திருப்பி, அடுத்ததோடு மறுபடி சேர்த்துப் பின்னுங்கள். நெகிழும். பிளாக்கிங் (இழுத்து ஊசி குத்தி உலர்த்துவது) செய்யும்போது நனைத்த சால்வையைக் குளியல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். முதலில் மேல் ஓரத்தை நேராகக் குத்துங்கள், பிறகு நடுக்கண்ணியின் முனை, அதன் பின்தான் ஒவ்வோர் அலை முகட்டுக்கும் ஒரு ஊசி. முழுவதும் உலரும்வரை எடுக்கக் கூடாது. சூப்பர்வாஷ் என்பதால் அடுத்த சலவைக்குப் பிறகு மறுபடி குத்த வேண்டிவரும். நான் முன்பே சொல்லிவிட்டேன்.

ஊசிமுனை

சொல்லிவிட்டார். முடிப்பு வரிசைக்கு மட்டும் மஞ்சளில் எவ்வளவு ஒதுக்குவது என்பதைச் சொல்லவில்லை. கடைசி வரிசையின் நீளத்தைப் போல நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், இழைபிடி. 437 கண்ணி, இரண்டு மீட்டருக்கு மேல் வரும். பத்து மீட்டர் ஒதுக்கினால் கவலையில்லை.